வெயில் பட்டணத்தில் 2 நாள்! உத்திரமேரூர் குடும்பத்தின் "குடவோலை" சுற்றுலா

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும். "மெட்ராசுக்கு எப்பப்பா போறோம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடும்.

காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சென்னைக்கு இன்னமும் பெயர் மெட்ராஸ்தான். மெட்ராஸ் என்றால் கடல். கடல் என்றால் மெரினா.

தூரம் சுமார் 90 கி.மீ. விடியற்காலையில் புறப்பட்டால் ராத்திரி திரும்பிவிடலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். வண்டலூர், மியூசியம், சமாதி, கடற்கரை, ரங்கநாதன் தெரு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட ஓடுகிறார்கள்.

முடிவு என்ன?

நடுராத்திரியில் வீடு வந்து சேரும்போது பிள்ளைக்குக் காய்ச்சல். பெரியவர்களுக்குக் கால் வீக்கம். கையில் இருந்த காசு காலி. "என்னத்தப் பாத்தீங்க?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "பஸ்ஸத்தான் பாத்தோம்" என்று பதில்!

ஓய்வுக்காகப் போன பயணம் உடம்பை ஓய்த்துவிடுகிறது. காரணம் தூரம் அல்ல, கூட்டமும் அல்ல. வெயில்! வெயிலைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுவதால் வரும் வினை இது.

கழனியில் தெரிந்த கணக்கு

உத்திரமேரூர்க்காரருக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?

நடவுக்குப் போகும் பெண்கள் பொழுது விடியும் முன்பே கழனியில் இறங்கிவிடுகிறார்கள். உச்சி வெயிலுக்கு முன் கரை ஏறிவிடுகிறார்கள். மாடு மேய்ப்பவர் நடுப்பகலில் மரத்தடியைத் தேடுகிறார். கடைவீதியில்கூட மதியம் 1 மணிக்கு மேல் பாதிக் கடைகளில் ஆள் நடமாட்டம் இருக்காது.

அதே ஆள் பட்டணம் போனதும் என்ன செய்கிறார்? பகல் 12 மணிக்கு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மெரினா மணலில் நடக்கிறார்! "வந்தது வந்தாச்சு, பாத்துட்டுப் போயிடலாம்" என்கிறார்.

மாட்டுக்குக் காட்டும் கருணையை மனுஷன் தனக்குக் காட்டுவதில்லை.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும், ஆண்டுக்கு 2 தடவை, சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழலே விழாது. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது.

கடற்கரையில் காற்று வருமே என்று சிலர் நினைக்கலாம். வரும், ஆனால் நேரத்துக்கு வர வேண்டும். கோடையில் மேற்கே இருந்து வீசும் அனல் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகிறது. அது வரும் வரை கடற்கரையும் அடுப்பங்கரையும் ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டது.

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை என்று அறிவிப்பு. உச்சி வெயில் நேரம்!

காலை 8 மணிக்கே மணலில் இடம் பிடிக்க ஆரம்பித்தது கூட்டம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், வயதானவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்கள் என்று லட்சக்கணக்கில் திரண்டார்கள். தலைக்கு மேல் விமானம். அதற்கும் மேல் சூரியன். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தவர்கள் ஏராளம்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன. ரெயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. வெளியேற வழியில்லாமல் அதே வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

அன்று 5 பேர் உயிரிழந்தார்கள்.

ஏற்பாடு போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. வெயிலின் தாக்கமே காரணம் என்றது அரசு. யார் சொன்னது சரி என்ற வாதம் பல நாள் நடந்தது. ஆனால் அந்த 5 பேரும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது வேடிக்கை பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சந்தோஷமாகக் கழிக்கத்தான்.

குடம் வந்தது!

சரி, பிறகு எப்படித்தான் திட்டம் போடுவது?

திட்டம் போடுவதற்கு உத்திரமேரூரைவிடப் பெயர் போன ஊர் உண்டா? 1,100 ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இருக்கின்றன.

தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இப்படி 30 பேர் தேர்வானார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்கு காட்டாதவருக்கு அடுத்த தடவை இடமில்லை!

இந்த முறையை ஒரு குடும்பம் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கடைவீதியில் சின்ன மளிகைக்கடை. கணவன், மனைவி, 6-வது படிக்கும் மகன், 3-வது படிக்கும் மகள், 68 வயது ஆயா. மொத்தம் 5 பேர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. கடை அடைத்தாகிவிட்டது. நடுவீட்டில் ஒரு பித்தளைக் குடம்.

"ஆளுக்கு ஒரு எடம் எழுதுங்க. ரெண்டு நாளைக்கு ரெண்டே எடம். குடம் சொல்றதுதான் முடிவு" என்கிறார் கடைக்காரர்.

மகன் எழுதியது மியூசியம். அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். மகள் எழுதியது வண்டலூர். மனைவி ரங்கநாதன் தெரு. கடைக்காரர் எம்.ஜி.ஆர். சமாதி.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. பேரன் எழுதிக் கொடுக்கிறான்.

"உனுக்கு என்ன ஆயா?"

"கடலு கண்ணு. சூரியன் கடல்லேர்ந்து எழுந்திரிக்குமாமே. அத ஒரு தபா பாத்துடணும்."

பக்கத்து வீட்டு 4 வயதுக் குட்டி வந்து குடத்துக்குள் கையை விடுகிறது. முதல் சீட்டு: கடல்! இரண்டாவது சீட்டு: மியூசியம்!

"செத்த காலேஜா!" என்று சிரிக்கிறார் ஆயா. பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்துக்கு வைத்த பெயர் அது. மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் உயிர் காலேஜ்.

மகளுக்கு அழுகை. "போற வழிதானேப்பா வண்டலூரு? எறங்கிப் பாத்துட்டுப் போலாம்பா!"

இங்கேதான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. போகிற வழிதானே என்று ஒரு இடத்தைச் சேர்க்கிறார்கள். பிறகு இன்னொன்று. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடும் இடம் அல்ல. அதற்கே ஒரு நாள் வேண்டும்.

"அழாதடி கண்ணு. சீட்டு குடத்துலயே இருக்கட்டும். அடுத்த லீவுக்கு மொத சீட்டு உன்னுதுதான்" என்று அம்மா தேற்றுகிறார். தன் ரங்கநாதன் தெருவையும் விட்டுக்கொடுக்கிறார். "எனுக்கும் ஒண்ணும் அவசரம் இல்லங்க. அந்தக் கூட்டத்துல ஆயாவ வெச்சிக்கினு என்னா பண்றது?"

கடைக்காரருக்கு மட்டும் லாபம். கடலுக்குப் போனால் சமாதி பக்கத்திலேயே!

முதல் நாள்: நிழலோடு போ

சனிக்கிழமை விடியற்காலை பஸ். உத்திரமேரூருக்கு ரெயில் இல்லை. புக்கத்துறை கூட்டுரோடு வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துப் பாலாற்றைத் தாண்டினால் செங்கல்பட்டு. சுமார் 30 கி.மீ.

அங்கிருந்து மின்சார ரெயில். செங்கல்பட்டிலேயே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். டிக்கெட் விலையோ ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் காசுக்குள் அடங்கிவிடும். கொளவாய் ஏரியைப் பார்த்தபடி போகலாம். எழும்பூர் போய்ச் சேர 2 மணி நேரம் வரை ஆகும்.

பஸ்சிலேயே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வண்டலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகருக்குள் போக அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டும். மூட்டை முடிச்சு, வயதானவர்கள் என்றால் செங்கல்பட்டில் ரெயில் ஏறுவதே சுகம்.

காலை 9.30 மணி வாக்கில் எழும்பூர். இட்லி, காபி. பிறகு மியூசியம்.

இந்த இடம் எதற்கு முதல் நாள் பகலில்? கூரை இருப்பதால்!

1851-ம் ஆண்டு தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இது. ஒரு கட்டிடம் அலுத்தால் இன்னொரு கட்டிடம். திமிங்கில எலும்புக்கூடு, அமராவதி சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராஜர் இருக்கும் வெண்கலச் சிலைக்கூடம் என்று உச்சி வெயில் முழுவதையும் உள்ளேயே கழித்துவிடலாம். வெளியே நெருப்பு கொட்டட்டும், உள்ளே நிழல்.

ஒரு எச்சரிக்கை. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பிள்ளைகளோடு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சனி, ஞாயிறுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆயாவால் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க முடியாது. கால் வலிக்கும். ஒரு மரத்தடியிலோ பெஞ்சிலோ உட்கார வைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கூட இருந்தால் போதும். உட்கார்ந்திருப்பதும் சுற்றுலாதான்.

மாலை 4 மணிக்கு மேல் மெரினா

மதியச் சாப்பாடு முடிந்ததும் நேரே லாட்ஜ். திருவல்லிக்கேணியில் சிக்கனமான லாட்ஜுகள் நிறைய உண்டு. ஆதார் அட்டை கேட்பார்கள்; மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். முன்கூட்டியே போனில் வாடகை பேசிக்கொண்டால் தெருத்தெருவாக அலைய வேண்டாம்.

எழும்பூரில் ரெயில் ஏறி அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கலாம். பக்கத்திலேயே பூங்கா நகர் பறக்கும் ரெயில் நிலையம். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் தாண்டினால் திருவல்லிக்கேணி.

மதியம் 2 மணி முதல் 4 மணி வரை என்ன செய்வது? தூங்குவது!

"காசு குடுத்து மெட்ராஸ் வந்து தூங்கறதா?" என்று மகன் முறைப்பான். முறைக்கட்டும். அந்த 2 மணி நேரத் தூக்கத்தில்தான் மாலை நேரத்துச் சந்தோஷம் இருக்கிறது.

4 மணிக்கு மேல் கடற்கரை. மெரினா கிழக்குக் கடற்கரையில் இருப்பதால் மாலையில் சூரியன் முதுகுப்பக்கம், ஊருக்குள் இறங்கிவிடுகிறது. முகத்தில் வெயில் அடிக்காது. எதிரே கடல்காற்று. சினிமாவில் வருவது போல் சூரியன் கடலில் மூழ்குவதைப் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அதைப் பார்க்க மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும்!

மெரினா மணல் இவ்வளவு அகலம் வந்ததற்கும் காரணம் உண்டு. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. கவர்னர் கிராண்ட் டப் 1884-ம் ஆண்டு நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். இன்று சாலையில் இருந்து அலை வரை போவதே ஒரு நடை. மணலில் கால் புதையும். முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம்.

ஆயாவுக்கு வழி இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடலுக்குப் பக்கத்தில் போவதற்காக 2022-ம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே புயலில் சேதமாகி, பிறகு சரி செய்யப்பட்டது.

மாங்காய் பத்தை, சுண்டல், பலூன், ராட்டினம். கடைக்காரருக்குச் சமாதி தரிசனம். எம்.ஜி.ஆர். சமாதிக் கல்லில் காதை வைத்தால் அவர் கட்டியிருந்த வாட்ச் ஓடும் சத்தம் கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. வெளியூர்க்காரர்கள் காதை வைத்துப் பார்க்காமல் போவதில்லை!

"கேக்குதாங்க?"

"கேக்கற மாதிரிதான் இருக்குது."

அலையோடு விளையாட்டு வேண்டாம்

வெயிலுக்கு அடுத்த எமன் அலை.

உத்திரமேரூர்ப் பையன்கள் ஏரியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள். அந்தத் தைரியத்தில்தான் ஆபத்து. ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் திரும்பிப் போகும்போது ஆளை இழுத்துக்கொண்டு போகும். கரையில் இருந்து சில அடியிலேயே தரை சட்டென்று பள்ளமாகிவிடும் இடங்கள் உண்டு. மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது இதனால்தான். குழுவாக வந்து, ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராக மூழ்கிய செய்திகள் எத்தனையோ முறை வந்துவிட்டன.

கால் நனைத்தால் போதும். அதுவும் சின்னப் பிள்ளைகளின் கையை விடாமல்.

பிள்ளை தொலைந்துபோகும் பயமும் உண்டு. காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். சாதாரண நாளிலும் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு துண்டுத் துணி, ஒரு பால்பாயிண்ட் பேனா. செலவு ஒன்றுமில்லை. ஆயாவின் சுருக்குப்பையிலும் ஒரு சீட்டு இருக்கட்டும்!

மயக்கம் வந்தால்?

வெயில் தாக்குவது சொல்லிக்கொண்டு வராது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு இவைதான் முதல் அறிகுறி. உடனே நிழலுக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ நொடி தாமதிக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்துவிட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புரை ஏறிவிடும்.

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. "எனுக்கு வேணாம்" என்பார்கள். கழிப்பிடம் தேடி அலைய வேண்டுமே என்ற பயத்திலும் குடிக்காமல் இருப்பார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை இரண்டுக்கும் இந்தக் கரைசல் கைகொடுக்கும். நீர்மோர் கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.

மார்ச் முதல் ஜூன் வரை சின்னப் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போவதைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரை மழை, புயல் சின்னம் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஜனவரி, பிப்ரவரிதான் பட்டணத்தைப் பார்க்க ஏற்ற காலம்.

ஆயா பார்த்த சூரியன்

ஞாயிற்றுக்கிழமை. மேலே சொன்ன குடும்பம் ஜனவரியில் போயிருப்பதாக வைத்துக்கொண்டால், 6.30 மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மே, ஜூனில் என்றால் 5.45 மணிக்கே வந்துவிடும்.

6 மணிக்கெல்லாம் குடும்பம் கடற்கரையில் ஆஜர். நடைப்பயிற்சிக்காரர்கள், மீன்பிடி படகுகள், குளிர்ந்த மணல். முந்தின நாள் மாலை பார்த்த சந்தைக் கூட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கடல் ஓரம் சிவக்கிறது. ஆயா பேச்சை நிறுத்திவிடுகிறார். தண்ணீரில் இருந்து ஒரு சிவப்புத் தட்டு மெல்ல மேலே வருகிறது.

ஆயா கையெடுத்துக் கும்பிடுகிறார். கழனியில் நின்று 50 வருஷமாகப் பார்த்த அதே சூரியன்தான். ஆனால் அங்கே நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததா?

இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. டிக்கெட் இல்லை. வரிசை இல்லை.

8 மணிக்கு மேல் வெயில் ஏறத் தொடங்கும். அதற்குள் பார்த்தசாரதி கோவில். தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு உள்ள பழைய கோவில். மூலவர் மீசையோடு நிற்பார். பிள்ளைகளுக்கு அதுவே அதிசயம். பிறகு டிபன்.

10.30 மணிக்கு ரெயிலைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரெயில்கள் குறைவு. பராமரிப்பு வேலை என்று சில வண்டிகளை ரத்து செய்வதும் உண்டு. முந்தின நாளே நேரம் விசாரித்துக்கொண்டால் பிளாட்பாரத்தில் காய வேண்டியதில்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போலாம்பா" என்று பிள்ளைகள் கெஞ்சும். அந்த 2 மணி நேரம்தான் உச்சி வெயில் நேரம். அது ரெயிலின் கூரைக்கு மேலே போகட்டும். ஜன்னல் ஓரத்தில் காற்று வாங்கியபடி செங்கல்பட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் வெயில் தாழும் நேரத்துக்கு வீடு.

கணக்கு காட்டு!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன? செலவுக் கணக்கு. கணக்கு காட்டாதவருக்கு அடுத்த வாரியத்தில் இடமில்லை என்பது இந்த ஊரின் பழைய சட்டம்!

கடைக்காரர் நோட்டை எடுக்கிறார். பஸ், ரெயில், லாட்ஜ், சாப்பாடு, சுண்டல், பலூன். டவுன் பஸ் ஏற வேண்டி வந்தால் அதில் பெண்களுக்குச் செலவில்லை. 2021-ம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இலவசப் பயணத் திட்டம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களுக்குச் சென்னையிலும் உண்டு. 5 இடத்துக்கு ஓடியிருந்தால் ஆட்டோவுக்கே கொடுத்திருக்க வேண்டிய காசு கையில் மிச்சம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாருடைய காலும் வீங்கவில்லை. போனபோது 5 பேர். வந்தபோதும் 5 பேர்.

திங்கட்கிழமை காலை 6 மணிக்குக் கடை திறந்தாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. திண்ணையில் ஆயாவிடம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

"இன்னாம்மா, மெட்ராசு பூரா பாத்துட்டியா?"

"பூராவும் எதுக்குமா? கடலப் பாத்தேன், செத்த காலேஜப் பாத்தேன். போதும். மிச்சம் குடத்துலதான் இருக்குது!"